இல்லாத கஃபேவுக்கு வழி கேட்டவர்கள்

1964-ல் பிரான்ஸில் ஒரு பாட்டு வந்தது. பெயர் 'நத்தாலி'. பாடியவர் ஜில்பேர் பெக்கோ, வரிகளை எழுதியவர் பியேர் தெலனோவே. கதை ரொம்ப எளிமையானது. மாஸ்கோவுக்குச் சுற்றுலா போகிற ஒரு பிரெஞ்சுக்காரன், அவனுக்கு வழிகாட்டியாக வரும் நத்தாலி என்ற பெண். செஞ்சதுக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. அவள் அக்டோபர் புரட்சி பற்றி விளக்கிக்கொண்டே நடக்கிறாள். அவன் மனசோ லெனின் சமாதியைப் பார்த்துவிட்டு 'கஃபே புஷ்கின்' போய்ச் சூடாக ஒரு சாக்லேட் குடிக்கலாம் என்று ஓடுகிறது.

பாட்டு பெரிய வெற்றி. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் என்பதால் இரும்புத் திரைக்கு அந்தப் பக்கமும் காதல் இருக்கிறது என்று சொன்னதே ஒரு செய்தியாக இருந்தது. ஒரே ஒரு சிக்கல்தான். மாஸ்கோவில் அப்படி ஒரு கஃபே கிடையாது. தெலனோவே கற்பனையில் வைத்த பெயர் அது.

ஆனால் பாட்டைக் கேட்டவர்களுக்கு அது தெரியாதே! மாஸ்கோ போன பிரெஞ்சுப் பயணிகள் அந்தக் கஃபேவைத் தேட ஆரம்பித்தார்கள். "கஃபே புஷ்கின் எங்கே இருக்கு?" என்று வழி கேட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் முழித்தார்கள். இது ஏதோ ஓரிரு வருஷம் நடந்து ஓய்ந்த விஷயம் இல்லை. சுமார் 35 வருஷம் நீடித்தது.

என் தொழில் மென்பொருள். எங்கள் பாஷையில் சொன்னால் இது யாரும் எழுதாத ஒரு ஃபங்ஷனை ஊரே 'கால்' பண்ணிக்கொண்டிருந்த கதை. பெயர் இருக்கிறது, எதிர்பார்ப்பு இருக்கிறது, உள்ளே கோட் மட்டும் இல்லை. அந்தக் கோடை 1999-ல் ஒருத்தர் எழுதினார்.

1999 ஜூன் 4

அந்திரேய் தெல்லோஸ் மாஸ்கோக்காரர். ஓவியக் கலைஞர். சில ஆண்டுகள் பாரிஸில் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பி உணவகத் தொழிலில் இறங்கியவர். அவர்தான் 1999 ஜூன் 4 அன்று மாஸ்கோவின் த்வெர்ஸ்கோய் புலிவாரில் 'கஃபே புஷ்கின்' என்ற உணவகத்தைத் திறந்தார். திறப்பு விழாவுக்கு வந்து 'நத்தாலி'யைப் பாடியவர் வேறு யார், சாட்சாத் ஜில்பேர் பெக்கோவேதான். அப்போது அவருக்கு வயது 71. அடுத்த இரண்டரை வருஷத்தில், 2001 டிசம்பரில், காலமாகிவிட்டார். தான் பாடிய கற்பனைக் கடைக்குள்ளேயே நின்று அதே பாட்டைப் பாடும் வாய்ப்பு எத்தனை பாடகர்களுக்குக் கிடைக்கும்?

தேதியைக் கவனியுங்கள். கவிஞர் அலெக்ஸாந்தர் புஷ்கின் பிறந்தது 1799 ஜூன் 6. அதாவது அவருடைய 200-வது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு. இன்னொரு பக்கம், 1998 ஆகஸ்ட் 17-ல்தான் ரஷ்ய அரசு தன் கடனைக் கட்ட முடியாது என்று கை விரித்து, ரூபிளின் மதிப்பு சரிந்து, மக்களின் சேமிப்பு கரைந்து போயிருந்தது. அது நடந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் மாஸ்கோவின் மையத்தில் பிரபுக்கள் பாணியில் ஆடம்பர உணவகம்!

இன்னொரு ஒப்பீடும் இருக்கிறது. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், புஷ்கின் சதுக்கத்தில், 1990 ஜனவரி 31 அன்று சோவியத் யூனியனின் முதல் மெக்டொனால்ட்ஸ் திறக்கப்பட்டது. முதல் நாளே 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். பனியில் நீண்ட அந்த வரிசையின் படங்கள் உலகம் முழுக்கப் பிரபலம். ஒன்பது வருஷ இடைவெளியில் ஒரே சுற்றுவட்டாரத்தில் இரண்டு கடைகள். முதல் கடையில் மக்கள் வரிசையில் நின்றது வெளிநாட்டை ருசி பார்க்க. இரண்டாவது கடை விற்றது அவர்கள் நாட்டின் கடந்த காலத்தை. அந்தக் கடந்த காலத்தின் ருசியில் பாதி பிரெஞ்சு என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

உள்ளே என்ன இருக்கிறது?

மாஸ்கோவுக்கு நான் போனதில்லை. படித்ததையும் படங்களில் பார்த்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் பழைய பிரபு மாளிகை. ஆனால் அந்தத் தோற்றம் உணவகத்துக்காகவே உருவாக்கப்பட்டது. தரைத்தளத்துக்குப் பெயர் 'மருந்துக்கடை'. பழைய காலத்து மருந்துச் சாடிகளும் மர அலமாரிகளும் சூழ உட்கார்ந்து சாப்பிடலாம். மேல் தளம் 'நூலகம்'. சுவர் முழுக்கப் பழைய புத்தகங்கள், பூகோள உருண்டை, தொலைநோக்கி. மேலே போக இரும்புக் கூண்டு போட்ட பழைய பாணி லிஃப்ட். சாப்பாட்டில் பெல்மேனி என்ற இறைச்சிக் கொழுக்கட்டை, மீனோ இறைச்சியோ பொதிந்து சுடும் குலெப்யாகா, போர்ஷ், பீஃப் ஸ்ட்ரோகனாஃப். கூடவே பிரெஞ்சு முறைப் பேஸ்ட்ரிகள். இரவு பகல் என்றில்லாமல் 24 மணி நேரமும் திறந்திருக்கும் கடை என்பதும் அதன் புகழுக்கு ஒரு காரணம்.

முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இல்லாத கஃபேவின் நகல், வாழாத காலத்தின் செட். நம்ம ஊர் நெடுஞ்சாலையில் 'கிராமத்து விருந்து' என்று மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சுவரில் மாட்டி வைப்பார்களே, அதன் விலையுயர்ந்த பதிப்பு என்று நினைத்தேன். ஆனால் ஒரு கேள்வி நெருடிக்கொண்டே இருந்தது. ரஷ்யக் கவிஞர் பெயர் வைத்த கடையில் இவ்வளவு பிரெஞ்சுத்தனம் எதற்கு? பாட்டு பிரெஞ்சு என்பது மட்டும்தான் காரணமா?

தோண்டிப் பார்த்தால் கதை வேறு.

புஷ்கினே பாதி பிரெஞ்சுதான்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யப் பிரபுக்களின் வீட்டு மொழி பிரெஞ்சு. ரஷ்ய மொழி வேலைக்காரர்களிடம் பேச. புஷ்கினும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்தான். பள்ளியில் கூடப் படித்தவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'பிரெஞ்சுக்காரன்'.

1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பிரான்ஸின் பிரபுக்களில் பலர் ரஷ்யாவுக்கு ஓடினார்கள். எஜமானர்களை இழந்த சமையல்காரர்களும் பிழைப்புத் தேடி வந்தார்கள். ரஷ்யப் பிரபு ஒருவர் பிரெஞ்சு சமையல்காரர் வைத்திருந்தால் அது அந்தஸ்து. அவ்வளவு வசதி இல்லாதவர் என்ன செய்வார்? தன் பண்ணையடிமைகளில் ஒருத்தனைப் பிரெஞ்சு சமையல்காரரிடம் பயிற்சிக்கு அனுப்புவார். இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

புஷ்கினின் 'யெவ்கேனி அனேகின்' காவியத்தின் முதல் அத்தியாயத்தில் நாயகன் சாப்பிடப் போவது பீட்டர்ஸ்பர்க்கில் தலோன் என்ற பிரெஞ்சுக்காரர் நடத்திய நிஜ உணவகத்துக்கு. மேசையில் ஆங்கிலேய பாணி வறுத்த மாட்டிறைச்சி, ட்ரஃபிள் காளான், ஸ்ட்ராஸ்பர்க் பை, லிம்பர்க் சீஸ், அன்னாசி, 1811-ஆம் வருஷத்து ஷாம்பெய்ன். ரஷ்ய இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற சாப்பாட்டு மேசையில் ரஷ்ய உணவு என்று சொல்ல ஒன்றுமே இல்லை!

அவர் கடைசியாகப் போன கஃபேவும் அப்படித்தான். 1837-ல், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி ஜனவரி 27 அன்று, பீட்டர்ஸ்பர்க்கின் நெவ்ஸ்கி சாலையில் 'வோல்ஃப் அண்ட் பெரான்ழே' என்ற மிட்டாய்க் கடையில் தன் நண்பர் தன்ஸாஸைச் சந்தித்தார். அங்கிருந்து இரண்டு பேரும் பனிச்சறுக்கு வண்டி ஏறி ஊருக்கு வெளியே துப்பாக்கிச் சண்டைக்குப் போனார்கள். எதிரில் நின்றவன் ழார்ஜ் தான்தேஸ், பிரான்ஸில் பிறந்து ரஷ்யப் படையில் சேர்ந்த அதிகாரி. குண்டடிபட்ட புஷ்கின் இரண்டு நாளில் இறந்தார். சண்டைக்குக் காரணமாகப் பேசப்பட்டவர் அவர் மனைவி நதாலியா. பிரெஞ்சில் எழுதினால், நத்தாலி.

பாட்டின் நாயகி பெயரும் இதுவும் ஒத்துப்போவது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் 'புஷ்கின்' என்ற பெயரையும் பிரெஞ்சு கஃபேவையும் சேர்த்து வைத்ததில் தெலனோவே வரலாற்றுக்கு எதிராக ஒன்றும் செய்துவிடவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

தட்டில் நடந்த கலப்பு

மொழியை விடுங்கள், சமையலில் என்ன நடந்தது? பீஃப் ஸ்ட்ரோகனாஃபை எடுத்துக்கொள்வோம். எலேனா மலகோவேத்ஸ் என்ற அம்மா 1861-ல் இளம் இல்லத்தரசிகளுக்கான ஒரு சமையல் புத்தகத்தை வெளியிட்டார். நம்ம ஊர் மீனாட்சி அம்மாள் புத்தகம் போல, தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய புத்தகம். அதன் 1871 பதிப்பில் ஸ்ட்ரோகனாஃப் செய்முறை இருக்கிறது. வெண்ணெயில் மாவை வறுத்து, இறைச்சிச் சாறு விட்டுக் கரைத்து, கடுகு விழுது சேர்த்து, கடைசியில் கொஞ்சம் ஸ்மெதானா. இன்று எல்லா ஹோட்டலிலும் போடுகிற காளானும் வெங்காயமும் அதில் இல்லை.

இதில் வெண்ணெயில் மாவை வறுப்பது பிரெஞ்சு. அதற்கு அவர்கள் 'ரூ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பிரெஞ்சு சாஸ்களில் பாதிக்கு அதுதான் அஸ்திவாரம். ஸ்மெதானா என்பது புளிக்க வைத்த கெட்டிப் பாலாடை. அது ரஷ்யர்களுடையது. இரண்டும் ஏன் இவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டன?

இதற்கு விடை நம்ம சமையலறையிலேயே இருக்கிறது. புளித்த தயிரை அப்படியே கொதிக்க வைத்தால் திரிந்து போகும், இல்லையா? சூட்டிலும் புளிப்பிலும் பாலின் புரதங்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். அதனால்தான் மோர்க்குழம்புக்கு அரிசியும் கடலைப்பருப்பும் ஊறவைத்து அரைத்து விடுகிறோம். அந்த மாவுச்சத்து வீங்கி, குழம்பைக் கெட்டியாக்கி, புரதங்கள் ஒன்றையொன்று நெருங்க விடாமல் நடுவில் நிற்கிறது. ரூவில் இருக்கும் கோதுமை மாவு செய்வதும் அதே வேலைதான். கூடவே ஸ்மெதானாவில் கொழுப்பு தயிரைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அது எளிதில் திரியாது. ரூ கெட்டித்தன்மை தருகிறது, ஸ்மெதானா புளிப்பும் வழுவழுப்பும் தருகிறது. ஒரு நாட்டு உத்தி இன்னொரு நாட்டுப் பொருளைத் தாங்கிப் பிடிக்கிறது. 'பிரெஞ்சு ரஷ்யக் கலப்பு' என்று பொதுவாகச் சொல்வதைவிட, இந்த ஒரு கரண்டி சாஸ் எனக்கு நன்றாக விளக்கியது.

அடுத்தது கட்லெட். பிரெஞ்சில் 'கொத்லெத்' என்றால் எலும்போடு இருக்கும் விலா இறைச்சித் துண்டு. அது ரஷ்யாவுக்குப் போய் 'கத்லேத்தா' ஆனது. போன இடத்தில் எலும்பு கழன்று, கொத்திய இறைச்சியை உருட்டித் தட்டிப் பொரிப்பதற்கும் அதே பெயர் வந்துவிட்டது. மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் நடுவே தர்ஷோக் என்ற ஊரில் பஜார்ஸ்கி விடுதியில் கிடைத்த கட்லெட்டைச் சாப்பிடச் சொல்லி, 1826-ல் ஒரு நண்பருக்குப் பாட்டாகவே கடிதம் எழுதியிருக்கிறார் புஷ்கின். அதே பிரெஞ்சுச் சொல் ஆங்கிலம் வழியாக நம்மிடமும் வந்தது. ரயிலில் விற்கிற வெஜிடபிள் கட்லெட்டில் எலும்பும் இல்லை, இறைச்சியும் இல்லை, பெயர் மட்டும் மிச்சம்.

திரும்பிப் போன பாதை

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதை இல்லை. ரஷ்யா திருப்பிக் கொடுத்தது ஒரு பதார்த்தம் அல்ல, பரிமாறும் முறை.

பழைய பிரெஞ்சு விருந்தில் ஒரு சுற்றுக்கு உரிய எல்லாப் பதார்த்தங்களையும் ஒரே நேரத்தில் மேசை முழுக்க அழகாகப் பரப்பி வைத்துவிடுவார்கள். கண்ணுக்கு விருந்து. ஆனால் கைக்கு எட்டியதைத்தான் சாப்பிட முடியும், சாப்பிடுவதற்குள் பாதி ஆறிப்போகும். ரஷ்ய முறை வேறு. சூப் என்றால் எல்லோருக்கும் சூப். அது முடிந்த பிறகு மீன். பிறகு இறைச்சி. சமையலறையிலேயே துண்டு போட்டு, சூடாக, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த இளவரசர் குராகின் 1810 வாக்கில் இதை அங்கே அறிமுகப்படுத்தினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அதைப் பிரான்ஸில் பரவச் செய்ததில் பெரும்பங்கு உர்பேன் துபுவா என்ற சமையல்காரருடையது. அவர் ரஷ்ய இளவரசர் அர்லோஃப் வீட்டில் வேலை பார்த்தவர்.

பழைய பிரெஞ்சு முறையில் சாப்பாடு கண்ணெதிரே இருக்கும், அடுத்து என்ன என்று கேட்க வேண்டியதில்லை. ரஷ்ய முறையில் அடுத்தது சமையலறையில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு விருந்தாளிக்கும் முன்னால் பட்டியல் எழுதிய அட்டை தேவைப்பட்டது. விருந்து மேசையில் மெனு கார்டு பரவியதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். இன்று 'பிரெஞ்சு முறை' என்று உலகமே நினைக்கிற ஸ்டார்ட்டர், மெயின், டெசர்ட் என்ற வரிசையின் பின்னால் நிற்பது ரஷ்ய மேசை. நம்ம வாழை இலையில் இரண்டும் கலந்திருக்கிறது. காய் கூட்டு அப்பளம் எல்லாம் பிரெஞ்சு முறைப்படி முதலிலேயே பரப்பி வைக்கப்படும். சாம்பார், ரசம், மோர் எல்லாம் ரஷ்ய முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரும்!

இதோடு சேர்த்து எப்போதும் சொல்லப்படும் ஒரு கதையையும் பார்த்துவிடலாம். 1814-ல் நெப்போலியனைத் தோற்கடித்துப் பாரிஸுக்குள் வந்த ரஷ்ய வீரர்கள் கடைகளில் "பீஸ்த்ரா! பீஸ்த்ரா!", அதாவது "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தியதால்தான் 'பிஸ்ட்ரோ' என்ற சொல் பிறந்ததாம். மோன்மார்த்ரில் ஒரு உணவகத்தின் சுவரில் பலகையே மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் மொழியியலாளர்கள் இதை ஏற்பதில்லை. காரணம் எளிது. அந்தச் சொல் பிரெஞ்சு எழுத்தில் தென்படுவது 1880-களில்தான். வீரர்கள் 1814-ல் கத்தியது எழுத்துக்கு வர எழுபது வருஷம் ஆகுமா? நல்ல கதைதான், ஆனால் லாக் ஃபைலில் டைம்ஸ்டாம்ப் ஒத்துவரவில்லை.

ஒரு சாலட்டின் வாழ்க்கை வரலாறு

1860-களில் மாஸ்கோவின் த்ருப்னயா சதுக்கத்தில் 'எர்மிதாஷ்' என்ற உணவகம் வந்தது. அதன் சமையல்காரரும் பங்குதாரருமான லூசியேன் ஒலிவியே உருவாக்கியதுதான் ஒலிவியே சாலட். காட்டுக்கோழி இறைச்சி, நன்னீர் இறால், கேப்பர் மொட்டு, கூடவே ரகசியமாக வைத்திருந்த ஒரு சாஸ். ஒலிவியே 1883-ல் இறந்தார். சரியான செய்முறையை அவர் யாருக்கும் விட்டுப்போகவில்லை என்பார்கள்.

1917 புரட்சிக்குப் பிறகு எர்மிதாஷ் உணவகம் மூடப்பட்டது. அந்தக் கட்டடம் பிற்பாடு 'விவசாயிகள் இல்லம்' ஆனது. பிரபுக்கள் போனார்கள், பிரெஞ்சு சமையல்காரர்கள் போனார்கள், காட்டுக்கோழியும் போனது. ஆனால் சாலட் போகவில்லை! காட்டுக்கோழி இருந்த இடத்துக்குக் கோழி வந்தது, பிறகு வீடுகளில் 'டாக்டர் சாசேஜ்' வந்தது. இறால் இருந்த இடத்தில் வேகவைத்த காரட். கேப்பருக்குப் பதில் டப்பாவில் அடைத்த பட்டாணி. ரகசிய சாஸுக்குப் பதில் தொழிற்சாலை மயோனைஸ். 1930-களில் சோவியத் ஆலைகள் தயாரிக்க ஆரம்பித்த அந்த மயோனைஸின் பெயரைக் கேளுங்கள், 'ப்ரவன்சால்'. பிரான்ஸின் ப்ரோவான்ஸ் பகுதியின் பெயர். கம்யூனிச அரசே தயாரித்த பாட்டிலிலும் பிரெஞ்சு விலாசம்தான் ஒட்டியிருந்தது.

சோவியத் வீடுகளில் புத்தாண்டு இரவென்றால் அந்த சாலட்தான். இன்றும் அப்படியே. ஸ்பெயினில் அதற்கு 'ரஷ்ய சாலட்' என்று பெயர், ஈரானில் 'ஒலிவியே சாலட்'. நம்ம கல்யாண பஃபேயில் 'ரஷ்யன் சாலட்' என்று உருளைக்கிழங்கு, காரட், பட்டாணியை மயோனைஸில் பிசறி வைக்கிறார்களே, அதுவும் இதன் தூரத்துச் சொந்தம்.

அப்படின்னா கஃபே புஷ்கின் பொய்யா?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம்.

கட்டடம் செட்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் வைக்கப்பட்டிருக்கும் உணவின் கதை பொய் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு ரஷ்ய மேல்தட்டுச் சமையல் என்பதே பிரெஞ்சு உத்தியும் ரஷ்யப் பொருளும் சேர்ந்த ஒன்று. அதைப் பிரித்து 'தூய ரஷ்யன்' ஒன்றை எடுக்க முயன்றால் கையில் வேறு ஏதோதான் மிஞ்சும். 70 வருஷம் சோவியத் கேன்டீன்களில் மறைந்து கிடந்த அந்தச் சமையலை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தது ஒரு நியாயமான வேலைதான்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. அந்த மாளிகையில் வாடிக்கையாளர் உட்காருவது பிரபுவின் நாற்காலியில். யாருமே சமையலறைப் பக்கம் உட்கார வைக்கப்படுவதில்லை. நான் முன்னே சொன்ன பண்ணையடிமை சமையல்காரர்களை நினைத்துப் பாருங்கள். 1861-ல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டபோது தனியார் பிரபுக்களுக்குச் சொந்தமாக இருந்தவர்கள் மட்டும் 2 கோடிக்கு மேல். பிரெஞ்சு ரூவும் ரஷ்ய ஸ்மெதானாவும் சந்தித்தது அவர்களில் பயிற்சி பெற்றவர்களின் கைகளில்தான். பதார்த்தத்துக்குப் பெயர் மட்டும் ஸ்ட்ரோகனாஃப், அர்லோஃப் என்று எஜமானர்களுடையது. மலகோவேத்ஸின் புத்தகம் அந்த முறை ஒழிந்த அதே 1861-ல் வெளிவந்தது. அதில் வேலைக்காரர்களுக்கு என்ன சமைத்துப் போடுவது என்று தனிப் பகுதியே உண்டு. அந்தப் பகுதியிலிருந்து யாரும் ஆடம்பர உணவகம் கட்டவில்லை.

'ரஷ்யன்' என்ற பெயரிலும் இதே மாதிரி ஒரு மறைப்பு இருக்கிறது. பேரரசின் மேசையில் இருந்ததெல்லாம் ரஷ்யன் என்றே உலகத்துக்கு அறிமுகமானது. போர்ஷ் உக்ரைனில் வேரூன்றிய சூப். போர் நடந்துகொண்டிருந்த 2022 ஜூலையில், உக்ரைனின் போர்ஷ் சமைக்கும் பண்பாட்டை அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. ஒரு கிண்ணம் சூப்புக்கு யார் பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை என்று அப்போது புரிந்தது.

கதையின் வட்டம் 2010-ல் ஒரு சுற்று முடிந்தது. அந்த வருஷம் தெல்லோஸ் பாரிஸில், 'பிரேந்தாம்' அங்காடியில், கஃபே புஷ்கின் பெயரிலேயே பேஸ்ட்ரி கடை திறந்தார். பாரிஸில் எழுதிய ஒரு கற்பனைப் பெயர், மாஸ்கோவில் கட்டடமாகி, மறுபடி பாரிஸுக்கே கடையாக வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இனி வழி கேட்க வேண்டியதில்லை.

கஃபே புஷ்கினை இப்போது நான் கேலி செய்வதில்லை. ஆனால் இந்த இரண்டு நாட்டுச் சமையலின் நிஜமான அருங்காட்சியகம் எது என்று கேட்டால், அந்த மாளிகையைச் சொல்ல மாட்டேன். பிரபு போன பிறகும், செய்முறை தொலைந்த பிறகும், கிடைத்த சாசேஜையும் டப்பாப் பட்டாணியையும் வைத்துக்கொண்டு, ஒலிவியே என்ற பெயரை மட்டும் விடாமல் சாதாரண வீடுகளில் புத்தாண்டுக்குப் பிசறி வைக்கிறார்களே, அந்தக் கிண்ணத்தைத்தான் சொல்வேன். அதற்கு யாரும் செட் போடவில்லை. வழி கேட்டு அலையவும் வேண்டாம், டிசம்பர் 31 இரவு எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கிடைக்கும்.